ஒரு வாரம் போகட்டும்



எங்கள் கொல்லையில் நாட்டுக்கோழி ஒன்று 9 முட்டைகளின்மேல் அடைகிடந்தது. சேவலை விற்றபின் இட்ட முட்டைகள் ஆதலால், அவற்றில் கருவிராது என்று நான் எண்ணினேன். சேவலைப் பிரிந்த பின்னும் இரண்டு வாரமளவும் பெட்டை கருமுட்டை இடக்கூடும் என்பதை அப்போது அறியேன்.

நான்காம் நாள் இரவு முட்டையின் அகன்ற முனையில் டார்ச் வைத்துப் பார்த்தேன். பழுப்பு ஓட்டினூடே ஒன்றும் தெரியவில்லை. "ஒரு வாரம் போகட்டுங்க" என்றார் என் மனைவி. நான் கேளாமல், "கூமுட்டைதான்" என்று தீர்ப்புரைத்து ஒன்றை உடைத்தேன். மஞ்சட்கருவின்மேல் சிலந்தி வலைபோல் செந்நிற இழைகள். நடுவே சிவந்த புள்ளியொன்று துடித்துக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அது நின்றுபோயிற்று.

நீங்கள் சோதிப்பீர்களானால் ஏழாம் நாள்வரை பொறுத்திருங்கள். இருட்டறையில் ஒளி பாய்ச்சும்போது நரம்புகள் தெரிந்தால் கரு உண்டு. முட்டை முழுதும் தெளிவாக ஒளிர்ந்தால் இல்லை. அடைவைக்காத முட்டையையோ உடைத்தாலன்றி அறிய இயலாது. மஞ்சட்கருவின்மேல் உள்ள வெண்பொட்டு வளையமாயிருந்தால் அது கருவுற்றது. இரத்தத்துளி அதற்கு அடையாளமன்று. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

21-ஆம் நாள் 7 குஞ்சுகள் வெளிவந்தன. என் மனைவி எண்ணிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.