தீவில் வழிச்செலவு

மூன்று நாள் விருந்தாளிக்கு ஒரு தீவு காட்டும் முகம் வேறு. மாதக்கணக்கில் தங்க நேர்ந்தவருக்கு அது காட்டும் முகம் வேறு. விருந்தாளி வண்டிச் சத்தத்தைக் கணக்குப் பார்ப்பதில்லை. மாதம் தங்குபவரோ மூன்றாம் நாள் இரவே காகிதமும் எழுதுகோலுமாக அமர்ந்துவிடுகிறார். 2018ஆம் ஆண்டில் பினாங்குத் தீவில் நமக்கு வாய்த்த அனுபவம் இதுவே. அக்கரையில் உறவும் தொழிலும் உடைய நம் குடும்பங்களில் இத்தகைய பயணம் எவருக்கும் நேரலாம். ஆதலின் அங்கே நாம் கற்றதையும், கற்கத் தவறியதையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நம் மூத்த காக்கா 1978இல் நாகப்பட்டினத்தில் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலேறிப் பினாங்கு சென்றவர். நாற்பதாண்டுகள் பிறர் கடைகளில் உழைத்து, ஆயர் ஈத்தாம் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார். அவரைப் பக்கவாதம் தாக்கியதென்று செய்தி வந்தது. விசா எடுத்து 28 நாள் தங்குவதற்கென்று புறப்பட்டோம். கையில் கொண்டு சென்றது அளவான பணம். அதிலும் ஒரு பகுதி காக்காவின் மருந்துச் செலவுக்கென்று நம் லாத்தா கொடுத்தனுப்பியது.

மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க நண்பகலில் ஒரு வேளையும் மாலையில் ஒரு வேளையும் அனுமதி உண்டு. இடையில் வீடு திரும்பி மதினி காய்ச்சிய கஞ்சியை எடுத்துச் செல்ல வேண்டும். ஆக, நாளொன்றுக்கு நான்கு பயணம். காக்காவின் மகன் வைகறையிலேயே மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று இரவில்தான் திரும்புவான். எனவே முதல் மூன்று நாட்கள் கைப்பேசியில் அழைக்கும் வாடகைக் காரில் சென்றோம். ஒரு நடைக்குப் பத்து ரிங்கிட் ஆயிற்று. ரிங்கிட்டை அங்குள்ள நம்மவர்கள் 'வெள்ளி' என்றே சொல்வர். ஒரு வெள்ளிக்கு அப்போது ஏறத்தாழ 17 ரூபாய். நாளொன்றுக்கு 40 வெள்ளி, அதாவது 680 ரூபாய். 28 நாட்களுக்கு 19,000 ரூபாய்க்கும் மேல். கணக்கு முடிந்தபோது உறக்கம் போய்விட்டது.

"வண்டிக்கு நாங்க கொடுக்கிறோம் தம்பி" என்றார் மதினி. படுக்கையில் கிடக்கும் மனிதரின் வீட்டில் வண்டிச் சத்தம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கச் செல்வதா? மனம் ஒப்பவில்லை. "பஸ்ஸில் போகும் வழியைச் சொல்லுங்கள், போதும்" என்றோம். அவர் சமையலறைக்குள் சென்று பழைய பால் டின் ஒன்றை எடுத்து வந்து நம் முன் வைத்தார். உள்ளே பத்துக் காசும் இருபது காசுமாகச் சில்லறை நிறைந்திருந்தது. பினாங்குப் பேருந்தின் முதற்பாடம் அதுதான்: ஓட்டுநரின் அருகிலுள்ள பெட்டியில் சரியான தொகையைப் போட வேண்டும், மீதி கிடைக்காது. ஐந்து வெள்ளித் தாளைப் போட்டுவிட்டால் போட்டதுதான்.

மறுநாள் முதல் அந்த டின்னே நம் கருவூலமாயிற்று. கட்டணம் அந்நாளில் 1.40 வெள்ளியில் தொடங்கித் தொலைவுக்கேற்ப 4 வெள்ளி வரை சென்றது. நம் வழிக்கு 2 வெள்ளிக்கு மேல் ஆகவில்லை. 40 வெள்ளி 8 வெள்ளியாகக் குறைந்தது. பேருந்தின் எண்ணைக் கொண்டே அது செல்லும் திசையை அறியலாம் என்பதும் விளங்கிற்று. நூறு வரிசை எண்கள் வடகரைப் பக்கம். இருநூறு வரிசை ஆயர் ஈத்தாம் பக்கம். நானூறு வரிசை தெற்கே விமான நிலையமும் பாலிக் புலாவும் உள்ள பக்கம். கொடிமலை அடிவாரம் செல்லும் 204 நம் வீட்டு வழி. பெரும்பாலான பேருந்துகள் கொம்தார் கோபுரத்தையும் படகுத்துறையையும் தொட்டுச் செல்வதால், அவ்விரண்டையும் அறிந்தவர் தீவில் வழி தவறுவது அரிது.

அப்படகுத்துறைக்கும் கொம்தாருக்கும் இடையே பழைய நகரைச் சுற்றி வரும் பேருந்து ஒன்றுக்குக் கட்டணமே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அதிலேறி, சற்று நடந்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஜும்ஆவை நிறைவேற்றினோம். காதர் முகையதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் 1801இல் நிறுவிய பள்ளி அது. துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய படகோட்டிகளுள் நம்மவர் பலர் இருந்தனர். ஒரு காலத்தில் அத்தீவின் போக்குவரத்தையே தோளில் தாங்கியவர்களின் வழித்தோன்றலாகிய நாம், கட்டணமில்லாப் பேருந்தில் ஓரிடம் கிடைத்ததற்கு மகிழ்ந்து அமர்ந்திருந்தோம்.

பேருந்தின் விலை வெள்ளியில் மட்டும் இல்லை, பொழுதிலும் இருக்கிறது. காரில் கால் மணி நேர வழிக்குப் பேருந்தில் சில நாள் ஒரு மணி நேரம் பிடித்தது. பணமுள்ளவர் பணத்தைக் கொடுத்துப் பொழுதை வாங்குகிறார். இல்லாதவர் பொழுதைக் கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்துகிறார். நாள்தோறும் அந்நிழற்குடையில் நம்முடன் நின்ற மலாய் மூதாட்டியும், சீனப் பள்ளிப் பிள்ளைகளும், வங்காளதேசத்துத் தொழிலாளரும் இந்த வாணிபத்தைச் செய்து பழகியவர்கள். அவர்கள் முகத்தில் அவசரத்தைக் கண்டதில்லை.

ஒரு ஞாயிறன்று நண்பகல் காக்காவைப் பார்த்தபின், பட்டர்வொர்த்தில் உள்ள உறவினரைக் காணப் படகேறினோம். போகும்போது கட்டணம் கேட்பாரில்லை, திரும்பும்போது 1.20 வெள்ளி வாங்கினர். மாலையில் இதனைக் காக்காவிடம் வியப்புடன் சொன்னோம். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமாயினும், 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலமாயினும் அதே முறைதான் என்று குழறிய நாவால் விளக்கினார். பிறகு, கோணிய வாயால் சிரித்து, "தீவுக்குள்ள வரத்தான் காசு தம்பி, போறதுக்குக் காசில்ல" என்றார். நாமும் சிரித்தோம். அவரிடமிருந்து கேட்ட கடைசி முழுப் பேச்சு அதுவாகும் என்று அப்போது அறியோம்.

மூன்றாம் வாரத்தில் ஓரிரவு, இஷா தொழுது முடித்த நேரம். மழை பெய்துகொண்டிருந்தது. காக்காவுக்கு மூச்சுத் திணறல் என்றும், "தம்பியைக் கூப்பிடு" என்று கேட்கிறார் என்றும் அங்கே உடனிருந்த மகன் தொலைபேசியில் சொன்னான். கைப்பேசியில் பார்த்தால், மழையின் பொருட்டுக் கார் வாடகை 18 வெள்ளியாக ஏறியிருந்தது. பேருந்து இப்போது வந்துவிடும் என்று எண்ணினோம். கை தானாகவே பால் டின்னை நாடிற்று. நிழற்குடையில் ஐம்பது நிமிடம் நின்றோம். 16 வெள்ளி மிச்சம். மருத்துவமனையை அடைந்தபோது காக்காவின் தொண்டைக்குள் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசம் கொடுத்திருந்தார்கள். கண் திறக்கவில்லை. "இப்ப வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க சாச்சா" என்றான் மகன். ஏன் தாமதம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல நா எழுந்திராது.

கையில் பணம் இல்லாமலா? இருந்தது. பதினேழு நாட்களாகப் பேருந்தில் சென்று நாம் மிச்சப்படுத்தியதே ஐந்நூறு வெள்ளிக்கும் மேல். அது எதற்காக மிச்சப்பட்டது? இத்தகைய ஓர் இரவுக்காக அல்லவா? சிக்கனம் என்பது ஒரு வழி. போய்ச் சேரவேண்டிய இடம் காக்காவின் படுக்கையருகு. வழியையே ஊராக எண்ணி அங்கேயே நின்றுவிட்டோம். வீண்விரயத்தை அஞ்சும் மனம், எந்த நொடியில் கஞ்சத்தனத்துக்குள் கால் வைக்கிறதென்பதை அதுவே அறிவதில்லை.

மறுநாள் காலை நாற்பது வெள்ளியை ஓர் உறையிலிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். நாள்தோறும் பேருந்து, அழைப்பு வந்தால் கணக்குப் பாராமல் கார் என்று வகுத்துக்கொண்டோம். வெளியூரில் நெடுநாள் தங்கச் செல்லும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: சில்லறைக்கு ஒரு டின் வையுங்கள், அதனினும் முதலில் அந்த உறையை வையுங்கள்.

அல்லாஹ்வின் கருணையால் காக்கா பிழைத்தெழுந்தார். இன்று ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடமாடுகிறார். பேச்சு மட்டும் ஓரிரு சொல்லோடு நின்றுவிட்டது. நாம் ஏறிய பழைய படகுகள் 2020 இறுதியில் ஓய்வு பெற்று, 2023இல் புதியவை வந்துவிட்டன. 2025 ஜனவரியில் தீவில் இலகு ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். போக்குவரத்து இனி எளிதாகும். ஏழைகளுக்கும் பொழுது மிச்சமாகும் என்றால் மகிழ்ச்சியே.

புறப்படும் முன்னாள், "அன்றிரவு எதற்காகத் தேடினீர்கள் காக்கா?" என்று அவர் காதருகே குனிந்து கேட்டோம். நெடுநேரம் நம்மைப் பார்த்தார். நினைவில்லை என்று தலையசைத்தார். பிறகு, நல்ல கையால் நம் கையைப் பற்றிக்கொண்டார்.