எர்லி டிசிஷனும் அக்கா வீட்டு முப்பதுக்கு நாற்பதும்

நவம்பர் 1 நெருங்கினாலே எங்கள் நியூஜெர்சி வட்டாரத்தில் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் காய்ச்சல் வந்துவிடும். பிறந்தநாள் விருந்து, கோயில் பிரசாத வரிசை, எங்கே போனாலும் "எங்க ஈடி போடறீங்க?" என்பதுதான் பேச்சு. ஈடி என்றால் அமலாக்கத்துறை இல்லைங்க :-) எர்லி டிசிஷன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போடலாம். டிசம்பர் நடுவில் முடிவு சொல்லிவிடுவார்கள். இடம் கொடுத்துவிட்டால் சேர்ந்தே ஆகவேண்டும், வேறு எங்கே விண்ணப்பித்திருந்தாலும் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் என்று மூன்று பேரும் இதற்குக் கையெழுத்துப் போடவேண்டும். கல்லூரிக்கு இதில் என்ன லாபம்? இந்தப் பிள்ளை வருமா வராதா என்ற கவலை இல்லை. பதிலுக்குக் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைக்கிறார்கள். ஏவரி, ஃபேர்பேங்க்ஸ், செக்ஹவுசர் என்ற மூன்று பேர் 2003-ல் எழுதிய புத்தகத்தில், இப்படி முன்கூட்டியே விண்ணப்பிப்பது எஸ்ஏடி தேர்வில் சுமார் 100 மார்க் கூடுதலாக வாங்கியதற்குச் சமம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் முதலாண்டு வகுப்பில் ஏறக்குறைய பாதியை இந்த வழியில்தான் நிரப்புகிறது. அப்புறம் ஏன் காய்ச்சல் வராது?

இங்கேயே குடியுரிமை வாங்கி செட்டிலானவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. கல்லூரியின் இணையதளத்தில் ஒரு கால்குலேட்டர் இருக்கும். வருமானம், சொத்து விவரத்தைப் போட்டால் நமக்கு எவ்வளவு செலவாகும் என்று தோராயமாகச் சொல்லிவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். அந்தக் கால்குலேட்டர் பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்களுக்காகச் செய்தது. லிங்கராஜபுரத்தில் உட்கார்ந்து தட்டினால் அது எதற்கும் உதவாது.

லிங்கராஜபுரத்தில்தான் எங்க அக்கா இருக்கிறாள். மேம்பாலத்தில் இறங்கி ஆயில் மில் ரோடு பக்கம் போனால் வீடு. முப்பதுக்கு நாற்பது சைட். அக்காவின் மாமனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்து, ஊருக்கு வெளியே என்று யாரும் சீண்டாத காலத்தில் வாங்கிப் போட்ட மனை. கீழ்வீட்டை அவர் கட்டினார், மேலே இரண்டு மாடியை மாமா கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். மாமா ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், அக்கா டீச்சர். இன்றைக்கு அந்த மனைக்குக் கோடிக் கணக்கில் விலை சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் இன்னமும் பழைய கிரைண்டர்தான் ஓடுகிறது.

2024 அக்டோபரில் அக்கா மகள் போன் பண்ணினாள். "சித்தி, ஈடி போட்டாதான் சான்ஸ் இருக்காம். அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறார்." கெட்டிக்காரி, மார்க்குக்குக் குறைவில்லை. அவள் மனசு வைத்திருந்த பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதன் ஆண்டுச் செலவு 92,000 டாலர். அப்போது டாலர் 84, 85 ரூபாய்க்கு நின்றது. வருஷத்துக்கு முக்கால் கோடிக்கும் மேல்.

மாமாவைப் பேசச் சொன்னேன். "ஏம்மா, நம்ம ஊர்ல வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்னாகூட பத்து மாச வாடகைன்னு கணக்கு இருக்கு. வாடகை எவ்வளவுன்னே சொல்லாம அட்வான்ஸ் வாங்குற ஓனர நான் பார்த்ததே இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எர்லி டிசிஷனைப் பற்றி நான் படித்த நீள நீளமான கட்டுரைகள் எதிலும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

சொன்னது மாமா மட்டும் இல்லை. ஏல் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ரிச்சர்ட் லெவின் 2001-லேயே இந்த முறையைக் குறை சொன்னார். 2002-ல் ஏலும் ஸ்டான்ஃபோர்டும் கட்டாயத்தை எடுத்துவிடுவதாக அறிவித்தன. முன்கூட்டியே போடலாம், ஆனால் சேர்ந்தே தீரவேண்டும் என்பதில்லை. 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையே வேண்டாம் என்று ஒதுக்கின, வசதி உள்ளவர்களுக்கே இது சாதகமாக இருக்கிறது என்று சொல்லி. 2011-ல் இரண்டும் திரும்பி வந்தன, கட்டாயம் இல்லாத வடிவத்தில். மற்றவர்கள் யாரும் பின்னால் வரவில்லை என்றால் தனியாக நல்லவராக இருப்பது கஷ்டம்தான் போலிருக்கிறது. 2025 ஆகஸ்டில் எர்லி டிசிஷனை எதிர்த்து 30-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் மீது மாணவர்கள் வழக்கே போட்டார்கள். கல்லூரிகளுக்கு இடையே போட்டி இல்லாமல் செய்து விலையை ஏற்றிவிடுகிறது என்பது புகார்.

அக்கா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. உதவித்தொகை கேட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையும், பெரும்பாலான கல்லூரிகளில். கேட்காமல் சேர்ந்துவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள். முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு நான்கு வருஷமும் கிடையாது என்று பல இடங்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள். எர்லி டிசிஷனும் வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பிள்ளையிடமும் பணத்தைப் பார்க்காமல் இடம் தருகிற கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடின், பிரவுன் அவற்றில் சில. எங்கள் பெண் கேட்டது இதில் எதுவும் இல்லை.

கையெழுத்தில் ஒரே ஒரு சந்து இருக்கிறது. அவர்கள் தருகிற உதவித்தொகை போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம். இதை மாமாவுக்கு இரண்டு ராத்திரி விளக்கினேன். ரெகுலர் சேர்க்கைக்கான விண்ணப்பங்களையும் எழுதித் தயாராக வைத்திருக்க வேண்டும், உதவித்தொகைப் படிவத்தில் உண்மையை மட்டும் எழுதவேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் நடுவில் ஒருநாள், எங்களுக்கு மாலை 7 மணி, அவர்களுக்கு விடிகாலை 5:30. மாமா நந்தினி பால் வாங்கப் போயிருந்தார். போனில் முதலில் கேட்டது அவள் அலறல். கிடைத்துவிட்டது! அக்கா அழுகிறாள், நான் இங்கே அழுகிறேன், மாடியில் குடியிருப்பவர்கள் என்னமோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்களாம்.

உதவித்தொகைக் கடிதத்தை மாமா வந்துதான் படித்தார். 41,000 டாலர் தருகிறார்கள். நல்ல தொகைதான். மீதி 51,000, அதாவது வருஷத்துக்கு 43 லட்ச ரூபாய். மாமாவால் முடிந்தது 15.

எப்படி வந்தது இந்தக் கணக்கு? அந்த முப்பதுக்கு நாற்பதுதான். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவத்தில் சொந்த வீட்டின் மதிப்பைக் கேட்பார்கள். சில கல்லூரிகள் அதையும் வசதியாகச் சேர்த்துக்கொள்ளும். அவர்கள் பார்வையில் அக்கா குடும்பம் கோடீஸ்வரக் குடும்பம். "செங்கல்ல ஒண்ணொண்ணாப் பேத்து பீஸ் கட்டச் சொல்றாங்களா?" என்றார் மாமா, கோபமே இல்லாத குரலில். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று அக்கா ஆரம்பித்தாள். பெண்ணே வேண்டாம் என்றுவிட்டாள். பதினேழு வயசுப் பெண். கடனை ரூபாயில் வாங்கி பீஸை டாலரில் கட்டவேண்டும் என்பதை அவளே சொன்னாள். 2011 ஆகஸ்டில் 45 ரூபாய் பக்கம் இருந்த டாலர், இரண்டே வருஷத்தில், 2013 ஆகஸ்டில், 68-ஐத் தொட்டுவிட்டு வந்தது. அந்த இரண்டு வருஷமும் இங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீடுகளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

மறுபரிசீலனை கேட்டு எழுதினோம். 4,000 டாலர் கூட்டினார்கள். அதற்கு மேல் முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். விடுவித்துவிடும்படி கேட்டு அவள் எழுதிய மெயிலை நான் திருத்தவில்லை. திருத்த ஒன்றும் இல்லை. பள்ளி பிரின்சிபால்தான் பயந்தார். வாக்கு மீறினால் நாளைக்கு அவர் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா? பணம் போதாமல் விலகுவது வாக்கு மீறல் ஆகாது என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. அவர் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு மாணவர் விலகியதற்காக, கொலராடோவில் ஒரு பள்ளியிலிருந்து எர்லி டிசிஷன் விண்ணப்பங்களையே ஓராண்டு ஏற்கமாட்டோம் என்று டூலேன் பல்கலைக்கழகம் அறிவித்தது பிறகு 2025-ல் செய்தியாக வந்தது.

கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு. அவள் மட்டும் உட்கார்ந்து ரெகுலர் விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். மார்ச் கடைசியில் இரண்டு இடம் வந்தது. ஒன்றில் உதவித்தொகை இல்லை, இன்னொன்றில் இருந்தும் எட்டவில்லை. இரண்டையும் விட்டுவிட்டு சிஇடி எழுதினாள்.

கர்நாடக சிஇடியில் சீட் ஒதுக்கியதும் நாலு சாய்ஸ் கொடுப்பார்கள். முதலாவது, இதுவே போதும், பணம் கட்டிச் சேர்ந்துவிடுகிறேன் என்பது. அதை அழுத்திவிட்டால் அடுத்த சுற்று கிடையாது. அதுவும் ஒரு எர்லி டிசிஷன்தான். ஆனால் அரசு ஒதுக்கீட்டில் எவ்வளவு பீஸ் என்பது முன்னாலேயே தெரிந்துவிடும். பெங்களூரிலேயே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வந்திருந்தது. மாமா அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னார்: "நான் மூக்குக் கண்ணாடியெல்லாம் போட்டுகிட்டு, கையெழுத்து எங்கம்மா போடணும்னு போனேன். கையெழுத்தெல்லாம் இல்லப்பா, அப்பவே அழுத்திட்டேன்னுட்டா."