ஏழடிப்பட்டத்து இருக்கை

தன்னை அறிய விரும்புவோன் சிலபோது தன் ஊரைக் கடந்து செல்லவேண்டியவன் ஆகிறான். காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம், மாணவர்க்கு அவ்வாய்ப்பினை நல்கி வருகிறது.

மதுரை மாநகர்க் கல்லூரி மாணவர் சிலர், ஏழு நாள் முகாமிற்காகப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றனர். கண்மாயின் வரத்துக்காலைத் தூர்வாருவது அவர்தம் பணி. அவர்களுள் ஒருவன் இல்லத்தில் கன்னடம் பேசி வளர்ந்தவன். அவனுடைய முன்னோர் பல தலைமுறைகட்கு முன்னரே தமிழகத்தில் குடியேறியவர். முதல் நாள் மாலை அவன் தொலைபேசியில் தன் தாயோடு உரையாடியதைக் கேட்ட தோழன், "அப்படியானால் நீ தமிழன் இல்லையா?" என்று விளையாட்டாக வினவினான். பிறர் நகைத்தனர். தமிழிலேயே கற்றுத் தமிழிலேயே கனாக் காணும் அவனுக்கு அச்சொல் முள்ளாய்த் தைத்தது. அதன்பின் அவன் எவரோடும் மிகுதியாகப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் பேராசிரியர் அவர்களைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றார். தாமரைப் பொய்கை ஓவியம் திகழும் அறிவர் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக் கூறுகிறது. "நம் ஊரார்!" என்று மாணவர் மகிழ்ந்தனர்.

பின்னர் யாவரும் குன்றின்மேல் ஏறி, ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தை அடைந்தனர். சமணத் துறவியர் வாழ்ந்த அவ்விடத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முன் பொறிக்கப்பெற்ற தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன.

"எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்குச் சிறுபொசில் இளையர் செய்தளித்த இருக்கை இது. எருமி நாடு என்பது கன்னட நாட்டு மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். வந்தவரைப் 'பிறர்' என்று விலக்காமல் இருக்கை தந்து, அவர் பிறந்த ஊரையும் மறவாமல் தமிழில் பொறித்து வைத்தனர் நம் முன்னோர்" என்றார் பேராசிரியர்.

அவன் அவ்வெழுத்துகளை நெடுநேரம் நோக்கி நின்றான். தோழனோ தலைகுனிந்து நின்றான்.

மறுநாட் காலை இருவரும் சேர்ந்து மண்கூடையைத் தூக்கினர். "மண்ணை உங்கள் வீட்டில் என்னவென்று சொல்வீர்கள்?" என்று தோழன் மெல்லக் கேட்டான்.

"மண்ணு என்போம்."

இருவரும் நகைத்தனர். கூடையின் சுமை அன்று பெரிதாகத் தோன்றவில்லை.