மாட்டாமை

‘மாட்டான்’ என்னும் சொல்லை நாள்தோறும் கையாள்கிறோம். ‘சொன்னால் கேட்கமாட்டான்’, ‘எழுதமாட்டான்’, ‘ஓரிடத்தில் அமைதியாக இருக்கமாட்டான்’ என்கிறோம். இன்றைய வழக்கில் அது மறுப்பைக் குறிக்கிறது. செய்ய முடிந்தும் செய்ய மனமில்லாதவன் என்ற குற்றச்சாட்டு அதனுள் பதுங்கியிருக்கிறது. பழந்தமிழிலோ ‘மாட்டுதல்’ என்றால் இயலுதல். ‘மாட்டாமை’ என்றால் இயலாமை. படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பற்றி, ‘எழுந்து நடக்கமாட்டாமல் கிடக்கிறார்’ என்று சிற்றூர்களில் சொல்வார்கள். அதனைக் கேட்கும் எவரும் அம்முதியவரைப் பிடிவாதக்காரர் என்று எண்ணுவதில்லை. இயலாமையைச் சொன்ன ஒரு சொல், காலப்போக்கில் பிடிவாதத்தைச் சொல்லத் தொடங்கியது எவ்வாறு என்பதை மொழியறிஞர்கள் ஆராயட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தில், தொடக்கப்பள்ளி ஒன்றில் சிறப்புக் கல்வி ஆசிரியராக நான் பணியாற்றிய ஆண்டுகளில், இந்த இரு பொருள்களுக்கும் நடுவே ஒரு சிறுவன் அகப்பட்டுத் தவித்ததைக் கண்டேன்.

அவன் மூன்றாம் வகுப்பில் படித்தான். துருதுருவென்ற கண்கள், எவரிடமும் தயங்காமல் பேசும் இயல்பு. திங்கட்கிழமை பிழையின்றி ஒப்பித்த வாய்பாடு செவ்வாயன்று அவன் நினைவில் இராது. வியாழனன்று அழையாமலே திரும்பிவரும். ‘புத்தகத்தை மூடு, பையை எடு, வாசலில் வரிசையில் நில்’ என்றால் புத்தகத்தை மூடுவான். பிறகு, அடுத்தது என்னவென்று அறியாமல் திகைத்து நிற்பான். பக்கத்து மாணவனின் எழுதுகோல் பெட்டி அவன் பையில் இருந்தது. கேட்டபோது, ‘பாட்டி வாங்கித் தந்தார்’ என்றான். கடையின் பெயரைச் சொன்னான். அன்று மழை பெய்ததையும் சொன்னான். அவ்வாறு எதுவும் நிகழவில்லை. ஆனால், சொல்லும்போது அவன் முகத்தில் கள்ளம் சிறிதும் இல்லை. முந்தைய ஆண்டுகளின் மதிப்பீட்டு அறிக்கைகளைப் புரட்டினேன். ‘முயன்றால் முடியும், முயல்வதில்லை’ என்பதையே ஒவ்வோர் ஆசிரியரும் வெவ்வேறு சொற்களில் எழுதியிருந்தார்.

குழந்தைநல மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் அடங்கிய குழு அவனை ஆராய்ந்து உண்மையைக் கண்டறிந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிசார்டர்’ என்பார்கள். கருக்கால மதுப்பாதிப்பு என்று நாம் சொல்லலாம். தாய் அருந்தும் மது, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் குருதியில் கலக்கிறது. அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் கருவின் கல்லீரலுக்கு இன்னும் வாய்க்கவில்லை. கருக்காலத்தின் எல்லாத் திங்கள்களிலும் மூளை வளர்ந்துகொண்டே இருப்பதால், கருவுற்ற காலத்தில் இத்தனை துளி தீங்கற்றது, இந்தத் திங்களில் தீங்கில்லை என்று மருத்துவர் எவரும் உறுதி கூறுவதில்லை. அவ்வாறு நேர்ந்த பாதிப்பு வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. அதனைப் போக்கும் மருந்து இல்லை.

சிறிய கண் திறப்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே பள்ளமற்ற வழவழப்பு, மெல்லிய மேலுதடு ஆகிய மூன்றும் இதன் முகக்கூறுகள். கரு வளரும் தொடக்க வாரங்களில், குறுகிய ஒரு காலத்தில் மது சேர்ந்தால்தான் இவை உண்டாகும். ஆகையால், பாதிப்புற்ற பெரும்பாலோர் முகத்தில் எந்த அடையாளமும் இல்லை. பலருக்கு அறிவுத்திறன் அளவீடும் இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கிறது. நினைவில் நிறுத்துவது, திட்டமிடுவது, காலத்தையும் பணத்தையும் கணிப்பது, ஒரு செயலின் விளைவை முன்கூட்டி உணர்வது, ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் பொருத்துவது ஆகியவற்றில்தான் இடர்ப்பாடு. சக்கர நாற்காலியைக் கண்டவுடன் வழிவிடுகிறோம். இந்தச் சிறுவனுக்கு வழிவிட வேண்டும் என்று நமக்கு எது உணர்த்தும்? அவனது சரளமான பேச்சே அவனுக்குப் பகையாயிற்று. நன்றாகப் பேசுகிறவனுக்கு எல்லாம் விளங்கியிருக்கும் என்று பிறர் நம்பிவிடுகின்றனர். எழுதுகோல் பெட்டியைப் பற்றி அவன் சொன்னதும் பொய்யன்று. நினைவில் விழுந்த இடைவெளியை மூளை தானாகவே ஒரு கதையால் நிரப்பிக்கொள்கிறது. நிரப்பியது தனக்கே தெரிவதில்லை.

வகுப்பறையில் நாங்கள் அவனை மாற்ற முயலவில்லை. அவனைச் சுற்றியிருந்தவற்றை மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. அதனைச் சொன்னபின், மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருந்தோம். அமெரிக்கரான டயான் மால்பின், ஒரு நொடி உலகில் பத்து நொடியில் இயங்கும் குழந்தைகள் என்னும் கருத்துப்பட இவர்களைக் குறித்திருக்கிறார். வகுப்பறையில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் உண்மை விளங்கும். ஒரு கேள்விக்கும் அதன் விடைக்கும் இடையிலுள்ள அந்த மௌனத்தைத்தான் ஆசிரியர்கள் பெரும்பாலும் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். கேள்வியை வேறு சொற்களில் மீண்டும் கேட்டால், அவனுக்கு அது புதிய கேள்வி. எண்ணத்தை முதலிலிருந்து தொடங்குவான். எனவே, அதே சொற்களையே திரும்பச் சொன்னோம். நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாக வரைந்து மேசையில் ஒட்டினோம். கண்ணைக் கூசச்செய்த குழல்விளக்கை அணைத்து, அவன் இருக்கையைச் சாளரத்தருகே மாற்றினோம். இரைச்சல் பெருகும்போது ஒதுங்கி அமர ஒரு மூலையை அமைத்தோம். அது தண்டனைக்கான இடமன்று என்று வகுப்புக்குச் சொன்னோம். (அந்த மூலைக்குப் பிற மாணவர்களும் சென்று அமரத் தொடங்கியது வேறு கதை.) இத்தகையோருக்குத் துணைநிற்பவரைப் ‘புறமூளை’ என்னும் பொருளில் பெற்றோர்கள் குறிப்பிடுவார்கள். கண்ணாடி அணிந்தவரை நோக்கி, ‘இன்னும் எத்தனை நாள் கண்ணாடி போடுவாய்?’ என்று நாம் கேட்பதில்லை. இவர்களை மட்டும், ‘எப்போது தனியாகச் செய்வாய்?’ என்று ஓயாமல் கேட்கிறோம்.

அவன் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயறிதலுக்குப்பின் பள்ளியில் நடந்த முதல் கூட்டத்தில் அறுவர் அமர்ந்திருந்தோம். அவர் எவரும் கேட்கும்முன்னே பேசினார். “கருவுற்றிருப்பது பதினொரு வாரம் வரை எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அலுவலகத் தோழிகளோடு மது அருந்துவது வழக்கம். மருத்துவரிடம் அதைச் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். இனி அவனைப் பற்றிப் பேசுவோம்” என்றார். அறையில் சிறிது நேரம் எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் செய்ததன் அருமையைப் பின்னரே முழுமையாக உணர்ந்தேன். முகக்கூறுகள் மூன்றும் தெளிவாக அமையாத குழந்தைக்கு, கருக்காலத்தில் மது சேர்ந்தது உறுதியானால்தான் ஆஸ்திரேலிய வழிகாட்டு நெறிப்படி நோயறிதல் கூறமுடியும். தாய் வாய்திறவாவிட்டால், பிள்ளை ‘முயலாதவன்’ என்றே வளர்வான். ‘இத்தகைய தாய்மாரைத் தண்டிக்க வேண்டும்’ என்று சொல்வோரை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். தண்டனைக்கு அஞ்சும் தாய் மருத்துவரிடம் பொய் சொல்வாள். அப்பொய்யின் விலையைக் குழந்தை கொடுக்கும். மதுவை விற்றவர், ஊற்றிக்கொடுத்தவர், உடன் அருந்திய கணவர் ஆகியோரின் பெயர்கள் எந்தக் கோப்பிலும் இடம்பெறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இக்குறைபாட்டை உலகம் அறிந்து நெடுங்காலம் ஆகவில்லை. 1968ஆம் ஆண்டு, பிரான்சின் நாந்து நகரைச் சேர்ந்த மருத்துவர் பால் லெமுவான், மதுவுக்கு அடிமையான பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அக்கட்டுரை பரவலான கவனத்தைப் பெறவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகிய மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் எழுதி இதற்குப் பெயரும் இட்டபின்னரே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. அதன்பிறகும் பெற்றோரே ஊர்தோறும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. கனடாவின் பானி பக்ஸ்டன், பிரையன் பில்காக்ஸ், அமெரிக்காவின் தெரசா கெல்லர்மன் ஆகியோர் இத்தகைய பிள்ளைகளை வளர்த்த பெற்றோர். 1999ஆம் ஆண்டு ஒன்பதாம் திங்கள் ஒன்பதாம் நாள், காலை 9 மணி 9 நிமிடத்துக்கு மணிகளை ஒலிக்கச் செய்ய அவர்கள் ஏற்பாடு செய்தனர். ஒன்பது திங்களும் மதுவின்றி இருத்தலை அந்த எண் குறித்தது. நியூசிலாந்தில் தொடங்கிய மணியோசை, கதிரவனைப் பின்தொடர்ந்து நாடு நாடாகச் சென்றது. இன்றும் செப்டம்பர் 9 அவ்வாறே கடைப்பிடிக்கப்படுகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கிம்பர்லி என்னும் பரந்த நிலப்பகுதி உள்ளது. அங்கே, ஃபிட்ஸ்ராய் ஆற்றங்கரையில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்னும் சிற்றூர். நிலத்தை இழந்து, குழந்தைகளை அரசு பறித்துச் சென்றதைக் கண்ட தலைமுறைகளின் துயரம் அவ்வூரில் மதுவாய்த் தேங்கியிருந்தது. இறுதிச் சடங்குகள் ஓயாத ஓராண்டுக்குப்பின், 2007ஆம் ஆண்டு, புனுபா இனப் பெண்ணான ஜூன் ஆஸ்காரும் எமிலி கார்ட்டரும் பிற பெண்களும் கூடி, ஊரின் மது விற்பனையைக் கட்டுப்படுத்துமாறு அரசைக் கோரினர். அவ்வாண்டு அக்டோபரில், 2.7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மதுவை வாங்கி வெளியே எடுத்துச்செல்லத் தடை வந்தது. சொந்த உறவினர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தும் அப்பெண்கள் பின்வாங்கவில்லை. அவர்கள் அடுத்துச் செய்ததுதான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. ‘எங்கள் குழந்தைகளுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று கண்டு சொல்லுங்கள்’ என்று, குழந்தைநல மருத்துவர் எலிசபெத் எலியட் முதலான ஆய்வாளர்களை அவர்களே அழைத்தனர். வெளியார் வந்து அளந்துவிட்டுப் போகும் வழக்கம் அங்கே தலைகீழாயிற்று. 2002, 2003ஆம் ஆண்டுகளில் பிறந்து அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த குழந்தைகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கருக்கால மதுப்பாதிப்பு இருந்தது. தலைகுனிய வைக்கும் எண்தான். அதனை மறைக்காமல் வெளியிட்டு, அதைக் காட்டியே பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் உதவி கேட்டார்கள். தம் திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மருலு’. அரியது, பேணத்தக்கது என்பது புனுபா மொழியில் அதன் பொருள்.

பேணாவிட்டால் என்ன நேரும்? பெர்த்துக்கு அருகிலுள்ள பேங்க்சியா ஹில் என்னும் இளையோர் தடுப்புக்காவல் இல்லத்தில் 99 பேரை ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். 36 பேருக்கு இக்குறைபாடு இருந்தது. அவர்களுள் இருவருக்கு மட்டுமே அது முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 2018இல் இம்முடிவு வெளிவந்தது. எஞ்சிய 34 பேரும் வகுப்பறைகளைக் கடந்து, காவலர்களையும் நீதிபதிகளையும் கடந்து அங்கே சென்றவர்கள். எத்தனை பேர் அவர்களை ‘மாட்டான்’ என்று எழுதித் தள்ளியிருப்பார்கள்! ‘நீதானே செய்தாய்?’ என்று அதிகாரி கேட்டால், அவருக்கு உகந்த விடையைச் சொல்லித் தலையசைக்கும் இயல்பு இவர்களிடம் மிகுதி. பிணை விதிகளை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவார்கள். செவ்வாய்க்கிழமை காவல்நிலையம் செல்ல வேண்டும் என்பது திங்கள் இரவுக்குள் மறந்துபோகும். சட்டத்தின் கண்ணில் அது மீறல்.

அவன் தாய் அச்செய்தித்தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். “இந்த 34 பேருக்கும் தாய் இருந்திருப்பாள் அல்லவா?” என்று மட்டும் கேட்டார். சியாட்டிலின் உளவியலாளர் ஆன் ஸ்ட்ரைஸ்குத், பாதிப்புற்ற 415 பேரை ஆராய்ந்து 1996இல் அளித்த அறிக்கையைப் பற்றி அவரிடம் கூறினேன். நிலையான, அன்பான இல்லமும் இளமையிலேயே கிடைக்கும் நோயறிதலும் இத்தகையோரைப் பிற்காலத் துன்பங்களிலிருந்து பெரிதும் காக்கின்றன என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. இரண்டும் அவனுக்கு வாய்த்திருந்தன. அவர் அதை எழுதித் தருமாறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆறாம் வகுப்பின் இறுதியில் இருவரும் அமர்ந்து ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினோம். அவனும் உடனிருந்தான். ‘எனக்கு நகைச்சுவை பிடிக்கும். நாய்களைப் பற்றி நிறையத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். நான் விழித்தால் கோபப்படாதீர்கள். நான் யோசிக்கிறேன்’ என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினோம். தொடக்கப்பள்ளியில் நாள் முழுதும் ஒரே ஆசிரியர். உயர்நிலைப் பள்ளியிலோ பாடத்துக்கு ஒருவர். தாய் அத்தாளை ஏழு படிகள் எடுத்தார். பிறகு சற்று எண்ணிப்பார்த்து, விடுப்பு நாள்களில் வரும் மாற்று ஆசிரியர்களுக்காக மேலும் மூன்று எடுத்தார்.