தனிக்குடித்தனம்

மக்களே, ஃப்யூஸ்னா கரண்டு போற சமாச்சாரம் இல்லீங்க. கெர்னல்ல கை வைக்காம, சாதாரண நிரலாவே கோப்பு அமைப்பு எழுத உதவுற நூலகம். 2005-ல லினக்ஸ் 2.6.14 கெர்னல்ல இதுக்கு இடம் கிடைச்சுது.

எனக்கு ஒரே நிரல்ல ரெண்டு மவுன்ட் வேணும். ஒண்ணுல மறைந்த அப்பாவோட டைரி ஸ்கேன், இன்னொண்ணுல என் வேலைக் கோப்பு. ரெண்டுக்கும் வேற வேற மறையாக்கச் சாவி. சாவியை குளோபல் மாறியில வெச்சா, ஒண்ணோட சாவி இன்னொண்ணுக்குப் போயிடும். அப்பா கையெழுத்து குப்பையாத் தெரியும். அதனால ஒவ்வொரு மவுன்ட்டோட பிரைவேட் டேட்டாவுல வெச்சேன்.

அப்பவும் சிக்னல் இடிச்சுது. நூலகத்துக்குள்ள அதுக்குன்னு ஒரே ஒரு குளோபல் சுட்டிதான். கன்ட்ரோல்-சி அடிச்சா, கடைசியா பதிஞ்ச மவுன்ட்டுக்கு மட்டும் சேதி போகும், மத்தது தொங்கும். நூலகத்தை மட்டும் சொல்லிக் குத்தமில்லை, ஒரு புராசஸுல ஒரு சிக்னலுக்கு ஒரு ஹேண்ட்லர்தானே!

ரெண்டு புராசஸா பிரிச்சுட்டேன். அப்பா டைரி இப்ப தனிக்குடித்தனம். நிம்மதியா இருக்கு :-)