மலைமேல் ஒரு கடற்கண்

ஹங்கேரி நாட்டின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவாக்கிய எல்லையை ஒட்டிச் செம்ப்ளேன் என்னும் மலைத்தொடர் அமைந்துள்ளது. ஒன்றரைக் கோடி முதல் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைகள் கக்கிய குழம்பும் சாம்பலும் இறுகி உருவான மலைகள் இவை. உச்சிகளிலே ஓக்கும் பீச்சும் அடர்ந்த காடு. தென் சரிவுகளிலே திராட்சைத் தோட்டம். அடிவாரத்திலே பொத்ரொக், தீசா என்னும் இரு ஆறுகள். அவ்விரு ஆறுகளும் கூடுமிடத்தில் உள்ள தொக்காய் என்னும் சிற்றூரின் பெயரே வட்டாரம் முழுமைக்கும் வழங்குகிறது. டெப்ரெசென் நகரில் மருத்துவம் பயிலும் எங்கள் மகனைக் காணச் சென்ற நாங்கள், அக்டோபர் மாத இறுதியில் நான்கு நாட்கள் இப்பகுதியில் தங்கினோம்.

இக்கட்டுரையை எழுதுவோர் கணவனும் மனைவியுமாகிய இருவர். எங்களுள் ஒருவருக்குக் கல்குவாரிக் குளங்கள் என்றாலே ஆகாது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். மகன் வகுத்திருந்த பயணத் திட்டத்திலோ, மூன்றில் இரண்டு இடங்கள் கல்வெட்டிய பள்ளங்களில் நீர் தேங்கி உண்டான குளங்கள்!

தொக்காய்க்கு நாங்கள் சென்றிறங்கிய காலை, பத்து முழத் தொலைவில் நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. "இந்தப் பனிதான் இவர்களுக்குச் சோறு போடுகிறது" என்றான் மகன். ஆறுகளிலிருந்து எழும் இப்பனியின் ஈரத்தால் பழுத்த திராட்சையின்மேல் ஒருவகைப் பூஞ்சணம் படர்கிறது. அது தோலைத் துளைக்க, பிற்பகல் வெயிலில் பழத்தின் நீர் வற்றி, இனிப்பு மட்டும் திரண்டு நிற்கிறது. உலர்ந்து சுருங்கிய அப்பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி எடுத்துச் செய்யும் 'அசூ' என்னும் இரசமே இவ்வூரின் புகழுக்குக் காரணம். வேறு பயிரில் கண்டால் விவசாயி தலையில் கைவைத்துக்கொள்ளும் நோயை இவர்கள் ஆண்டுதோறும் வரவேற்றுக் காத்திருக்கிறார்கள். திருத்தூதர்களான சீமோன், யூதா ஆகியோரின் திருவிழாவான அக்டோபர் 28ஆம் நாளன்று அறுவடை தொடங்குவது இவர்களின் பழைய மரபு. எரிமலைச் சாம்பற்கல்லைக் குடைந்து செய்த நிலவறைகளில், செம்ப்ளேன் காட்டு ஓக் மரத்தாலான பீப்பாய்களில் இரசம் முதிர்கிறது. அந்நிலவறைச் சுவர்களில் கரும்பஞ்சு போல் ஒரு பூசணம் அப்பியிருக்கும்; அதையும் ஒருவரும் துடைப்பதில்லை. 2002ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பங்கு ஆலயத்தில் குருவானவர் கிண்ணத்தில் வார்க்கும் சிறு அளவைக் கண்ணால் கண்டதையன்றித் திராட்சை இரசத்தோடு எங்களுக்கு வேறு பழக்கமில்லை. ஆகவே அதன் சுவையைப் பற்றித் தீர்ப்புக் கூறும் துணிவும் எங்களுக்கு இல்லை.

தொக்காய்க்கு அடுத்த ஊர் தார்த்சால். ஊருக்குப் பின்னால் திராட்சைச் சரிவின்மேல் ஆசீர் அளிக்கும் நிலையில் கிறிஸ்துவின் பெரிய வெண்ணிறச் சுரூபம் ஒன்று நிற்கிறது. 2015இல் நிறுவப்பட்டது. அருகிலேயே அவிலாவின் புனித தெரேசாள் பெயரால் 18ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்றும் உண்டு. இவற்றின் கீழ்ப்புறத்தில், கல்வெட்டிய பழைய பள்ளத்தில் பச்சை நிற நீர் நிறைந்து கிடக்கிறது. தந்தையும் மகனும் இறங்கிப் பார்த்து வந்தார்கள். எங்களுள் மற்றவர் சிற்றாலயத்தின் முன்னே அமர்ந்து, குளம் இருக்கும் பக்கம் முகம் திருப்பாமல் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காட்டுக்குள் கோகபு என்னுமிடத்துக்குப் போனோம். 'கல்வாசல்' என்பது பெயரின் பொருள். ஓடையை மறித்துக் கட்டிய சிறு ஏரி; பாறைமேல் ஒரு பழைய வேட்டை மாளிகை; தண்ணீரில் மஞ்சள் இலைகள். அழகுதான். ஆயினும் படத்தில் பார்த்ததற்கு மேலாக அங்கே எங்களுக்கு ஒன்றும் கிட்டவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாம் நாள் ஷாரோஷ்பத்தக். பொத்ரொக் ஆற்றங்கரையில் கோட்டையும் கோவிலுமாக விளங்கும் இந்நகரில்தான் ஹங்கேரியின் புனித எலிசபெத்தம்மாள் 1207இல் பிறந்தார் என்பது மரபு. வேறு ஊரைச் சொல்வாரும் உண்டு. இவ்வூரார் அதைக் காதில் வாங்குவதில்லை. நான்கு வயதில் பெற்றோரைப் பிரித்து ஜெர்மானிய நாட்டுத் துரிங்கியா அரசவைக்கு அனுப்பப்பட்டு, 14 வயதில் லூயி இளவரசரை மணந்து, 20 வயதில் கைம்பெண்ணாகி, மார்பூர்க் நகரில் நோயாளிகளுக்கு மருத்துவமனை அமைத்துத் தம் கையாலேயே அவர்களுக்குப் பணிவிடை செய்து, 24 வயதில் மறைந்தார் அவ்வம்மையார். நான்கே ஆண்டுகளில், 1235இல், திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. நான்கு வயதுக் குழந்தையை அத்தனை தூரம் அனுப்பிவிட்ட தாய் எப்படி உறங்கினாளோ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டே மலையேறினோம்.

நகருக்கு வடக்கே உள்ளது மெட்யேர் மலை. இதன் கல் சாதாரணக் கல்லன்று. எரிமலைச் சாம்பற்கல்லில் சூடான கனிம நீர் ஊறி, மணிக்கல் போல் கெட்டிப்பட்டது. மாவரைக்கும் எந்திரக் கற்களுக்கு இதைவிடப் பொருத்தமான கல் கிடைப்பது அரிது. 15ஆம் நூற்றாண்டு முதல் 1907 வரை இம்மலையை வெட்டி எந்திரக் கற்கள் செய்து அயல்நாடுகளுக்கும் விற்றார்கள். வெட்ட வெட்டப் பள்ளம் ஆழமாயிற்று. மழைநீரை வெளியேற்றப் பாறையைப் பிளந்து குறுகலான வழி ஒன்று அமைத்தார்கள். வேலை நின்றபின் நீர் தங்கிவிட்டது. இன்று அது ஆறரை மீட்டர் ஆழமுள்ள குளம். 'தெங்கெர்செம்' என்று அழைக்கிறார்கள். மலைக்குளத்துக்கு அம்மொழியில் வழங்கும் சொல் அது. நேர்ப்பொருள் 'கடலின் கண்'. 2011இல் நாட்டின் மிக அழகிய இயற்கை அற்புதம் என்று மக்கள் வாக்களித்து இதைத் தேர்ந்தெடுத்தார்களாம். இயற்கை செய்தது மழையை நிரப்பியது மட்டுமே! மற்றதெல்லாம் உளி பிடித்த கைகள் செய்தவை. இத்தகைய கல்லின் தூசு நுரையீரலை எப்படி அரிக்கும் என்பதை மருத்துவம் படிக்கும் எங்கள் மகன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

பாறைப் பிளவின் வாயிலில் நின்று, "அம்மா, நீங்கள் இங்கேயே உட்கார்ந்திருங்கள். நாங்கள் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்" என்றான்.

இனி அக்காரணத்தைச் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் கிராமத்துக்கு அருகே ஜல்லிக்கல் உடைத்துக் கைவிட்ட பள்ளமொன்றில் நீர் நிறைந்திருந்தது. சுற்றிலும் வேலி இல்லை. எச்சரிக்கைப் பலகையும் இல்லை. எங்களுள் ஒருவரின் தம்பி, 11 வயதுச் சிறுவன், தவறிப்போன ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனவன் அதில் வீழ்ந்து இறந்தான். குத்தகை எடுத்தவர் துக்கத்துக்குக்கூட வரவில்லை. அடுத்த மழைக்காலத்திலும் அப்பள்ளம் அப்படியே திறந்து கிடந்தது. நம் நாட்டுச் செய்தித்தாள்களில் குவாரிக் குட்டையில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

"நானும் வருகிறேன்" என்றார் தாய். நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பாறைச் சுவரில் ஒரு கையை ஊன்றியபடி, மறுகையால் மகனைப் பிடித்துக்கொண்டு, அந்த இடுக்கு வழியே மெதுவாக நடந்தார். வழி முடிந்தது. செங்குத்தான பாறைகளுக்கு நடுவே கரும்பச்சை நீர் அசையாமல் கிடந்தது. மேலே விளிம்பில் மரத்தாலான தடுப்பு. கரையில் நீராடக் கூடாதென்ற அறிவிப்பு. இரண்டையும் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

கரையோரத்தில் அரைகுறையாக வெட்டிய எந்திரக்கல் ஒன்று கிடந்தது. அதன்மேல் அமர்ந்தார். சிறுவருள் ஒருவருக்கு இடறலாக இருப்பவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவது பற்றி ஆண்டவர் உரைத்த இடம் எங்கள் இருவர் நினைவுக்கும் ஒருங்கே வந்தது. அவர்தாம் முதலில் வாய் திறந்தார்.

"எத்தனையோ வருடங்கள் அந்த வசனத்தை அந்தக் குத்தகைக்காரருக்கென்றே வாசித்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. இந்தக் கல்லைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, இது எவ்வளவு கனம் என்று. ஒரு மனிதனின் கழுத்தில் இதைக் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை."

நாங்கள் பதில் பேசவில்லை. எதிர்ப் பாறையில் கயிறு கட்டி ஏறும் இளைஞர் இருவரின் குரல் மட்டும் நீரின்மேல் எதிரொலித்தது. சற்றுப் பொறுத்து மகன், "மாமா எப்படி இருப்பார், அம்மா?" என்று கேட்டான். அதுவரை அவன் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. தம்பிக்குச் சீழ்க்கையடிக்க வரும். பங்குச் சாமியார் கண்டித்தும் பீடச் சிறுவர் உடையிலேயே சீழ்க்கையடிப்பான். நெல்லிக்காயை உப்பில்லாமல் தின்பான். அக்காளின் சிலேட்டில் தன் பெயரை எழுதி வைப்பான் — இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வெயில் பாறையை விட்டு இறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் மூவருமாக அவனுக்காக ஒரு பத்து மணி செபித்தோம்.

இறங்கும் வழி இலைகளால் வழுக்கிற்று. ஷாரோஷ்பத்தக் நிலையத்தில் ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. காப்பி வாங்கக் கொடுத்த 500 ஃபோரிந்த் தாளில் அந்நகரக் கோட்டையின் படமே அச்சிட்டிருப்பதை மகன் காட்டினான். தாயின் கவனம் அதில் இல்லை.

"அந்தக் குளம் ஆறரை மீட்டர் என்று சொன்னாயே, அதை யார் அளந்தது?" என்று கேட்டார்.

தெரியவில்லை, அளப்பதற்கென்று ஆட்கள் இருப்பார்கள் என்றான் மகன்.

"நம் ஊர்ப் பள்ளத்தை யாரும் அளக்கவே இல்லை" என்றார். சிறிது நேரத்தில் ரயில் வந்தது. பொத்ரொக் ஆற்றின்மேல் மறுபடியும் பனி இறங்கத் தொடங்கியிருந்தது.