மூன்று பைட்டுகளில் ஓரெழுத்து

சிறுசேரி சிப்காட் பூங்காவில் வேலைபார்த்து, அருகிலேயே வீடெடுத்துத் தங்கியிருந்த எங்கள் மூவரில் ஒருவனின் தந்தைக்கு 2019-இல் குரல்வளையை நீக்க வேண்டியதாயிற்று. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். வாழ்நாளெல்லாம் குரலால் பிழைத்த மனிதர், கேளம்பாக்கத்து வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருப்பவர்களுக்குச் சிலேட்டு எப்படித் தெரியும்? விசைகள் பொருத்திய சிறு மின்னணுப் பலகையொன்றில் அவர் தமிழில் தட்டினால் கூடத்துக் கணினித் திரையில் அச்சொல் தோன்றவேண்டும் என்று புறப்பட்டோம். எளிய வேலை என்றே நினைத்தோம்.

பலகையும் கணினியும் பேசிக்கொள்ள மூன்று கம்பிகள் போதும். இதன் வாய் அதன் செவிக்கு, அதன் வாய் இதன் செவிக்கு. மூன்றாவது, இருவருக்கும் பொதுவான தரை. 2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலியைத் தாங்கிய பலகைகளும் இந்தத் தொடர்வழியிலேயே கணினியுடன் பேசுகின்றன. இருபுறமும் ஒரே வேகத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்தது நொடிக்கு 9600 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்துப் பத்து பிட் ஆகையால் நொடிக்கு 960 பைட். கிழவர் தட்டும் வேகத்துக்கு அது வெள்ளம்.

ஆங்கிலம் பிசகின்றிப் போயிற்று. தமிழ்தான் போகவில்லை. அவர் முதலில் தட்டிய சொல் 'தண்ணீர்'. திரையில் புள்ளிகளும் சாய்கோடுகளும் குவிந்தன. அதைவிட விந்தை, எழுத்துகள் வரியின் தொடக்கத்துக்கே ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அப்பெரியவர் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

இரண்டு இரவுகள் கழித்தே புரிந்தது. ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மூன்றிலும் எட்டாவது பிட் ஒன்று. எங்கோ ஒரு பழைய நிரலிலிருந்து நாங்கள் நகலெடுத்த கணினி அமைப்போ, வரும் பைட்டின் எட்டாவது பிட்டை அழித்துவிடும். ஏழு பிட்டே உலகம் என்றிருந்த காலத்தின் மிச்சம். (திஸ்கியில் அனுப்பிய மடல் குப்பையாகப் போய்ச்சேர்ந்த அனுபவம் உள்ளவர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும்.) அப்படி அழித்தால் தகரத்தின் கடைசி பைட் டாலர் குறியாகிறது. மெய்யெழுத்தின் புள்ளியோ, 'வரியின் தொடக்கத்துக்குப் போ' என்னும் கட்டளையாகவே மாறிவிடுகிறது! 'தண்' என்பதன் புள்ளி வந்ததும் சுட்டி பின்னோக்கி ஓட, அடுத்த ணகரம் தகரத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்தது. மெய்யெழுத்து மிகுந்த மொழிக்கு இதைவிடக் குறும்பான பிழை வாய்க்காது.

அமைப்பை மாற்றினோம். இப்போது 'தண்ணீ' வரை ஒழுங்காக வந்து, ரகரம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. பேச்சுவழக்கில் அதுவே சரிதானே என்றான் ஒருவன். நாங்கள் சிரிக்கவில்லை. எங்கள் நிரல் பதினாறு பைட்டுகளாக வாங்கி, ஒவ்வொரு வாங்கலையும் தனித்தனியே எழுத்தாக்கிக்கொண்டிருந்தது. ஐந்து குறிகளுக்குப் பதினைந்து பைட். ஆறாவதின் முதல் பைட் ஒருபுறமும் மற்ற இரண்டும் மறுபுறமுமாக வெட்டுண்டன. முதல் பைட்டே 'எனக்குப் பின்னால் இருவர் வருகிறார்கள்' என்று சொல்லித்தான் வருகிறது. காத்திருக்க நாங்கள்தான் நிரலுக்குக் கற்றுத்தரவில்லை. முடியாத எழுத்தை அடுத்த வாங்கல் வரை கையில் வைத்திரு என்று எழுதச் சில வரிகளே தேவைப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பலகையைக் கொண்டுபோனோம். அம்மா அடுக்களையிலிருந்து வந்து திரைமுன் நின்றார். உள்ளறையில் வெகுநேரம் விசைச் சத்தம். பிறகு முப்பத்தொரு பைட்டுகள் வந்தன:

போலாம் ரைட்